பானெட்டுக்கு முட்டு

நவம்பர் 28

இந்த டைரி போன வருடத்தது. டயர் கடையில் கொடுத்தது, ஒரு பக்கமும் எழுதாமல் கிடந்தது. கிழமை பொருந்தாது, தேதி மட்டும் செல்லும். தனபாக்கியம் அதைத் தூசி தட்டிப் பேனாவோடு என் முன்னால் வைத்துவிட்டாள்.

"தெனம் நாலு வரி எழுதோணுமாமுங்க. பிசியோ பொண்ணு சொல்லிவிட்டுருக்குது. வெரலாவது ஓடட்டும்னு."

பெண்டாட்டி சொல்லைத் தட்ட முடியுமா. எழுதுகிறேன். என் பெயர் கிட்டுசாமி. உடுமலைப்பேட்டையில் சொந்த வண்டி வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவன். ஓட்டியவன் என்று எழுதப் பேனா வரவில்லை.

வலது மேல்கை எலும்பு ஐப்பசியில் முறிந்தது. காரணம் ஒரு கம்பு. வண்டியின் பானெட்டைத் தூக்கினால் அது விழாமல் தாங்குவதற்கு இரண்டு பக்கமும் காற்றடைத்த ஒல்லியான உருளைகள் உண்டு. பானெட் ஷாக் என்போம். என் வண்டியில் இரண்டும் தேய்ந்துபோய் வருடம் ஒன்றாகிறது. மாற்றுங்கள் மாற்றுங்கள் என்று இவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஒரு கொய்யாக் கம்பை முட்டுக் கொடுத்துக் காலத்தை ஓட்டினேன். நல்ல முட்டுதான். அன்றைக்குப் பார்த்து நழுவிவிட்டது. பானெட் தோளில் இறங்கியது, நான் துள்ளிப் பின்னால் போய் வாசற்படியில் விழுந்தேன். தப்பு முழுக்கக் கம்பின் மேல்.

கட்டுப் பிரித்தாகிவிட்டது. எலும்பு கூடிவிட்டதாம், தோள்தான் இறுகிவிட்டதாம். பொங்கலுக்குள் கை காதுக்கு மேலே போகவேண்டும், இல்லாவிட்டால் அப்புறம் போவது கஷ்டம் என்று எலும்பு டாக்டர் சொல்கிறார். பிசியோவுக்கு இரண்டு நாள் போனேன். ஜாஸ்மின் என்று ஒரு பெண், பார்க்கத்தான் பூப்போல. மூன்றாம் நாள் நான் போகவில்லை. கை இப்போது சட்டைப் பை வரை வருகிறது. அதற்கு மேலே அதற்கு என்ன வேலை.

நவம்பர் 30

வலி.

டிசம்பர் 2

வண்டியை விற்றுவிடலாம் என்று முடிவு செய்து புரோக்கர் நாச்சிமுத்துவுக்குப் போன் போட்டுவிட்டேன். ஸ்டியரிங்கை ஒடிக்க முடியாதவனுக்கு வண்டி எதற்கு.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் டிரிப்பைக் கை முறிந்த மறுவாரத்திலிருந்து தனபாக்கியம்தான் ஓட்டுகிறாள். லைசென்ஸ் எடுத்துப் பல வருடமாகிறது. சாவிதான் அவள் கைக்குப் போனதில்லை. மூன்றாவது கியர் போடும்போது இன்னும் வண்டியை இழுக்கிறாள். மற்றபடி குற்றம் சொல்ல நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

விற்கப்போகிறேன் என்றதும் அழுவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"வித்தர்லாமுங்க. பானெட் நிக்காத வண்டிய எவன் நல்ல வெலைக்குக் கேப்பான்? ஷாக்கை மாத்திப்போட்டுக் குடுத்தர்லாம்."

"ஒர்க்‌ஷாப்புல உட்டா ஒரு நாள் டிரிப்பு போயிரும்."

"ஒர்க்‌ஷாப்பு எதுக்குங்க? பொள்ளாச்சிக் கடையில சொன்னாப் பார்சல்ல அனுப்பீருவாங்க. ஊட்லயே நான் மாத்தீர்றேன். செல்லுல பாத்தேன், ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு கிளிப்பு, அவ்வளவுதான்."

நியாயமான பேச்சு. நாச்சிமுத்துவிடம் ஷாக் மாற்றியதும் வந்து பார் என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 4

நேற்று கார்த்திகை தீபம். வாசலெல்லாம் விளக்கு வைத்தாள். இன்று விடிந்ததும் என் கொய்யாக் கம்பைக் காணோம். தேடிப் போனால் வெந்நீர் அடுப்பில் எரிந்துகொண்டிருக்கிறது.

"அதை நான் நம்பமாட்டனுங்க," என்றாள். "எனக்குத் தெனம் ரேடியேட்டர்ல தண்ணி பாக்கோணும், ஆயில் பாக்கோணும். புள்ளைங்க ஏர்ற வண்டி. ஷாக் வர்ற வரைக்கும் நீங்க வந்து பானெட்டைப் புடிங்க."

ஆக, ஒரு கம்பு செய்த வேலைக்கு என்னைப் போட்டிருக்கிறாள்.

டிசம்பர் 6

பார்சல் வந்தது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் பிரித்துப் பார்த்திருக்கிறாள். பானெட் ஷாக் கேட்டால் டிக்கி ஷாக்கை அனுப்பிவிட்டானாம். "ஷாக்குன்னாச் சரியா எந்த ஷாக்குன்னு சொல்லோணுமாட்டம் இருக்குதுங்க. திருப்பி அனுப்பீட்டு வேற வரவெக்கறேன்" என்றாள். இந்தத் தொழிலில் இது சகஜம். அச்சை ஒட்டி இருப்பதும் ஷாக், டிக்கியில் இருப்பதும் ஷாக், பானெட்டில் இருப்பதும் ஷாக். புதிதாக வருகிறவர்கள் மாட்டிக்கொள்ளத்தான் செய்வார்கள். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அடுப்படியில் ஸ்டூலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். பரணிலிருந்து புளி எடுத்தாளாம்.

டிசம்பர் 9

பானெட் பிடிப்பது லேசான வேலை இல்லை. நான் இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தேன், அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. இன்று டார்ச்சைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இதைப் புடிங்க. உள்ள இருட்டா இருக்குது."

"எந்தக் கையில புடிக்கிறது?"

"எடது கையில புடிங்க. வலது கைக்காரரு வலது கையில பானெட்டைப் புடிப்பீங்களா, டார்ச்சைப் புடிப்பீங்களா?"

டார்ச்சை இடது கையில் வாங்கிக்கொண்டு பானெட்டுக்கு வலது கையைக் கொடுத்தேன். அவளும் ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தாள். இன்னொரு கையால் ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு, மறுபடி உருவி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகை பார்க்கிறவர்கள்கூட இத்தனை நேரம் பார்க்கமாட்டார்கள். எனக்குத் தோள் தீயாக எரிந்தது. பொம்பளை தூக்கிக்கொண்டு நிற்கும்போது நான் எப்படி விடுவது.

டிசம்பர் 10

மறுபடியும் பானெட்.

டிசம்பர் 15

தினமும் பானெட்டைத் திறப்பதற்கு அது என்ன பால் மாடா? கேட்டேவிட்டேன். முப்பது வருடமாக ஓட்டுகிறேன், வாரம் ஒருதரம் ஆயில் பார்த்தால் போதும். அதுவும் காலைக் குளிரில் தேய்ந்த ஷாக் சுத்தமாகச் செத்துக் கிடக்கும், முழுக் கனமும் கைக்கு வந்துவிடும். மத்தியானம் வெயில் ஏறினால் உள்ளே இருக்கிற காற்று விரிந்து பாதியாவது தாங்கும். மத்தியானம் பார்க்கலாம் என்றேன்.

"மத்தியானம் எனக்குத் தூக்கம் வருமுங்க," என்றாள்.

இருபத்தேழு வருடமாக அவள் மத்தியானம் தூங்கி நான் பார்த்ததில்லை. வண்டி ஓட்டுகிற அலுப்பு போலிருக்கிறது. பாவம் என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்று. முதலில் நெஞ்சு உயரத்துக்குப் பானெட்டைத் தூக்கினால் போதும் என்றிருந்தாள். இப்போது "இன்னும் கொஞ்சம், தலை இடிக்குது" என்கிறாள். அவள் உயரத்துக்கு அந்த இடத்தில் எப்படித் தலை இடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. தூக்கிப் பிடித்தேன்.

டிசம்பர் 19

கொல்லையில் நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "தோளைத் தாண்டீருச்சுங்க. இப்பக் காது கிட்ட வந்துருச்சு. இன்னும் ஒரு சாண் ஏறிருச்சுன்னாப் போதும்" என்கிறாள். என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டாள்.

அவரைக் கொடியைத்தான் சொல்லியிருக்க வேண்டும், பந்தலில் ஏற்றிவிட்டிருக்கிறாள். ஒரு அவரைக் கொடிக்காக இத்தனை பூரிக்கிற மனுஷியை நான் கண்டதில்லை. ஆனால் போய்ப் பார்த்தேன், அது இன்னும் என் இடுப்புக்கே வரவில்லை.

ஷாக் இன்னும் வரவில்லை. கடைக்காரனுக்கு நானே போன் போடுகிறேன் என்றேன். "வேண்டாமுங்க, கோவத்துல எதாச்சும் சொல்லீருவீங்க" என்று தடுத்துவிட்டாள்.

டிசம்பர் 24

இன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதவேண்டும்.

பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தறி ஓட்டும் ரங்கசாமி நாலு பேருக்கு நடுவில் கேட்டான். "என்ன கிட்டு, ஊட்டுக்காரி வண்டி ஓட்டறா, நீ பக்கத்துல நின்னு பானெட் புடிக்கறயாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். போன மாதமாக இருந்தால் நான் எழுந்து வந்திருப்பேன். இன்று டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஆமாப்பா. போன வாரம் நானும் கூடப் போனேன், பள்ளிக்கூடச் சந்துல முன்னாடி பால் வண்டி, பின்னாடி டிராக்டர். உள்ள பன்னெண்டு புள்ளைங்க. ரிவர்ஸ்ல ஒரே ஒடி, ஒரு செவுத்துலயும் படாம வெளிய வந்தா. டிராக்டர்காரனே எறங்கி நின்னு பாத்தான். நீ நேராப் போயே மூணு செவுத்துல ஒரசுனவன். அவ ஓட்டற வண்டிக்குப் பானெட் புடிக்கறதுல எனக்கு ஒரு கொறச்சலும் இல்ல."

டீக்கடையில் பேசினால் வீட்டுக்கு நம்மை முந்திக்கொண்டு போய்விடும். சாயங்காலம் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள்.

"பேக்கரில எனக்கு முட்டுக் குடுத்தீங்களாமா?"

"முட்டா?"

"நம்மாளை எவனாச்சும் சொன்னா விடாம எதுத்துப் பேசறதுக்கு இப்பல்லாம் அதானுங்க பேரு. வண்டியில புள்ளைங்க தெனம் பேசுது."

"நான் உள்ளதைத்தான் சொன்னேன்."

"கொய்யாக் கம்புக்கு நீங்க பரவாயில்லீங்க," என்றாள்.

இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது. அந்தச் சந்தில் அவள் ஒடித்த ஒடியை நான் முதல் வருடத்தில் ஒடித்திருக்க மாட்டேன். இதை அவளிடம் இன்னும் நேராகச் சொல்லவில்லை. சொல்லவேண்டும்.

ஜனவரி 1

சட்டை போட்டுக்கொண்டு பிரசன்ன விநாயகர் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். தனபாக்கியம் காலையிலேயே டிரிப்புக்குப் போயிருந்தாள், புது வருடத்துக்குப் பழனி போகிற ஒரு குடும்பம். ஊர் தாண்டிப் போவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. நான் போன் செய்யவில்லை. போன் கையிலேயே இருந்தது, அது வேறு விஷயம்.

திரும்பி வந்தவள் வாசலில் நின்றபடியே கேட்டாள். "சட்டையை ஆருங்க போட்டுவிட்டது?"

"ஆரு போட்டுவிடுவா? நானேதான்" என்றேன். என்ன கேள்வி இது. சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 7

நாச்சிமுத்து கூப்பிட்டான். தாராபுரத்தில் ஒருவர் வண்டி தேடுகிறாராம், பொங்கல் முடிந்ததும் கூட்டிவருகிறானாம். ஷாக் மட்டும் மாற்றிவிடுங்கள் என்றான். சரி என்றேன். போனை வைத்தபிறகு வாசலுக்குப் போய் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். ஓட்டுநர் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். சீட்டை அவள் முன்னால் தள்ளி வைத்திருக்கிறாள், முழங்கால் இடித்தது. பின்னால் தள்ளவில்லை.

ஜனவரி 13

போகி. பழையதெல்லாம் வெளியே போகிற நாள்.

தனபாக்கியம் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சத்தம் கொடுத்தாள். "ஏனுங்க, பொங்கப் பானை பரண்ல இருக்குதுங்க. எடுத்தாங்க."

போனேன். ஸ்டூலைக் காணோம். கையை நீட்டிப் பானையை எடுத்துக் கீழே வைத்தேன். அதற்குப் பின்னால் ஒரு நீளமான அட்டைப்பெட்டி இருந்தது. பொள்ளாச்சிக் கடையின் பெயர். எடுத்துத் திறந்தேன். அசைந்து உரசாமலிருக்கப் பழைய செய்தித்தாளைத் திணித்திருந்தான், அதில் கார்த்திகை தீபத்துக்கு மலையில் கூடிய கூட்டத்தின் படம். நடுவில் இரண்டு ஷாக்குகள், எண்ணெய் மினுமினுப்புக்கூடப் போகவில்லை. டிக்கி ஷாக் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாதா? இவை பானெட்டினுடையவை, டிசம்பரில் வந்த அதே பார்சல். கடைக்காரன் முதல் தடவையே சரியாகத்தான் அனுப்பியிருக்கிறான்.

அங்கேயே நின்றேன். கொய்யாக் கம்பு அடுப்பில் எரிந்தது, டார்ச் இடது கைக்கு வந்தது, மத்தியானம் வராத தூக்கம் வந்தது, இடிக்காத தலை இடித்தது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து கூடியது. அவரைக் கொடியும்.

ஏமாற்றியிருக்கிறாள், ஆத்திரம் வரும் என்று சற்றுநேரம் காத்திருந்தேன். வரவில்லை. பெட்டியைத் திரும்ப வைக்கும்போதுதான் கவனித்தேன், அது என் வலது கையில் இருந்தது. பானையை எடுத்ததும் அதே கைதான். கை காதைத் தாண்டி, தலையைத் தாண்டி, பரணில் இருந்தது. வலித்தது. ஆனால் இருந்தது.

அரிசி டிரம்மில் ஒளித்திருக்கலாம். பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கலாம். என் கை எட்டாத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறாள். இன்று அவளே என்னைப் போய் எடுக்கச் சொல்லியிருக்கிறாள். பெட்டி அங்கே இருப்பதை மறந்திருப்பாள் என்று சொல்லிவிடலாம்தான். என் பெண்டாட்டி எதையும் மறக்கிறவள் இல்லை.

கண் நிறைந்துவிட்டது. பரண் தூசி என்று எழுதலாம், எழுதவில்லை. பதினொரு ஊர் வைத்தியம் பார்த்தாலும் இப்படி ஒரு வைத்தியச்சி எனக்குக் கிடைத்திருக்கமாட்டாள்.

பானையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் அவரைக் கொடியைப் பார்த்தேன்.

ஜனவரி 14

பால் பொங்கியது. பெட்டி பரணிலேயே இருக்கிறது. காலையில் பானெட்டைத் திறந்தபோது அவள் நீட்டுமுன்னால் டார்ச்சை நானே இடது கையில் எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 18

பள்ளிக்கூடம் விடுமுறை. வெயில் ஏறட்டும் என்று காத்திருந்து, பெட்டியை எடுத்துவந்து வண்டியின் முன்னால் வைத்தேன். தனபாக்கியம் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"கடைக்காரன் மாத்தி அனுப்பீட்டான் அம்மணி," என்றேன். "நல்ல மனுசன். கொண்டாந்து பரண்லயே வெச்சுட்டுப் போயிருக்கறான்."

விளக்குமாறு நின்றது. அவள் பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"எட்டுச்சுங்களா?"

"எட்டுச்சு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இடுப்பில் செருகிக்கொண்டு, "ஸ்க்ரூ டிரைவர எடுங்க" என்றாள்.

நான் பானெட்டைத் தூக்கிப் பிடித்தேன், முழு உயரத்துக்கு, வலது கையில். அவள் பிடிக்கவில்லை. வேலையை அவள் செய்த அழகை எழுதாமல் விட முடியாது. ஒரு பக்கம் முடிக்காமல் மறுபக்கத்தைத் தொடவில்லை. ஷாக்கின் இரண்டு முனையும் வண்டியில் துருத்தி நிற்கிற உருண்டைக் குண்டில் கவ்விக்கொண்டிருக்கும், மேலே ஒரு கம்பிக் கிளிப். அதை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் கொஞ்சமாக நெம்பினாள், முழுக்கப் பிடுங்கவில்லை. முனையைக் கையால் இழுத்தாள், கழன்று வந்தது. குண்டில் இருந்த துருவைத் துணியால் துடைத்தாள், ஒரு விரல் கிரீஸ் தடவினாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. புதியதை எடுத்து வைக்கும்போது மட்டும் தலைகீழாகப் பிடித்தாள்.

"ஒல்லித் தண்டு கீழ பாக்கோணும் தனம். உள்ள இருக்கற ஆயில் கீழ எறங்கி நின்னாத்தான் ரப்பர் காயாது. காஞ்சா, காத்துப் போயிரும்."

"அப்படிங்களா?" என்று திருப்பிப் பிடித்தாள். எனக்கும் இந்த வேலையில் ஒரு பங்கு கிடைத்தது. உள்ளங்கையால் அழுத்தினாள், டக்கென்று உட்கார்ந்தது. நான்கு முனைக்கு நான்கு டக்.

கடைசி டக் விழுந்ததும் என் சட்டைப் பையில் போன் அடித்தது. அவளே எடுத்து என் காதில் வைத்தாள். நாச்சிமுத்து.

"ஏனுங்ணா, தாராபுரத்துக்காரரு நாளைக்கு வர்றேங்கறாரு. ஷாக் மாத்தியாச்சுங்களாண்ணா?"

என் தலைக்கு மேல் பானெட் நின்றுகொண்டிருந்தது. புது ஷாக் இரண்டும் வெயிலில் பளபளத்தன. அவள் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில்.

"இன்னும் வரலப்பா," என்றேன். "பானெட் ஷாக் கேட்டா டிக்கி ஷாக்கை அனுப்பீட்டான்."

"பரவால்லீங்ணா, அவரே மாத்திக்குவாருங்க."

"இல்ல நாச்சிமுத்து. ஊட்ல ரெண்டு டிரைவரு இருக்கறோம், வண்டி ஒண்ணுதான் இருக்குது. அதையும் குடுத்துப்போட்டு ரெண்டு பேரும் என்ன பண்றது? அவருகிட்டச் சொல்லீரு."

அவள் போனை அணைத்தாள். கையில் இருந்த கிரீஸைத் துடைத்தாள்.

"நான் சொன்ன பொய்க்கு நீங்க முட்டுக் குடுக்கறீங்களாக்கும்."

"நல்ல முட்டு," என்றேன். அப்புறம், அந்தச் சந்தில் அவள் ரிவர்ஸ் எடுத்ததைப் பற்றி நான் நினைத்ததைச் சொன்னேன். முதல் வருடத்தில் எனக்கு அது வந்திருக்காது என்றும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"கையை எடுங்க. அது இனி தானா நிக்குமுங்க," என்றாள்.

அப்போதுதான் தெரிந்தது, நான் இன்னும் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

ஜனவரி 19

பள்ளி டிரிப் அவளுடையது, நெடுந்தூரம் என்னுடையது என்று பேசி முடித்துவிட்டோம். மூன்றாவது கியர் இழுப்பதை மட்டும் திருத்திக்கொள்ளச் சொன்னேன், பார்க்கலாம் என்றாள்.

விடியற்காலையில் பானெட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. குளிரிலும் தானாக நின்றது, நான் தேவையில்லை. எழுந்து போய் டார்ச்சை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றேன். இடது கையில்.